வேகப் பந்தயத்தில் ஓடாதவர்கள்: ஒபிச்சுவரி இன்றும் கேட்கப்படுவது எதனால்?

டெத் மெட்டல் என்ற உறுமல் குரலும் கனத்த கிட்டாருமான ராக் இசையைச் சொன்னதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வேகம்தான். இடைவிடாத டிரம்ஸ், ஒரே நரம்பைச் சுரண்டிக்கொண்டே போகும் கிட்டார், மூச்சு வாங்கக்கூட இடம் தராத பாட்டு. 1980களின் கடைசியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இந்த இசை சூடு பிடித்தபோது, யார் யாரை முந்துவது என்பது ஒரு போட்டியாகவே ஆகிப்போனது. 1989இல் வந்த மார்பிட் ஏஞ்சல் குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்மர் பீட் சாண்டோவல் அடித்த அடியைத்தான் அடுத்து வந்த டிரம்மர்கள் எட்டிப்பிடிக்கப் பார்த்தார்கள்.

அந்த ஆல்பம் பதிவான ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், அதே மோரிசவுண்ட் ஸ்டூடியோவில், அதே 1989இல் உருவான இன்னொரு முதல் ஆல்பம் ஒபிச்சுவரி என்ற குழுவின் 'ஸ்லோலி வீ ராட்'. அதிலும் வேகமான இடங்கள் இருக்கின்றன. ஆனால் கேட்டு முடித்தபிறகு மண்டைக்குள் தங்குவது அந்த இடங்கள் இல்லை. பாட்டு திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கி, ஒரே ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, கனமாக இழுத்துக்கொண்டு போகிறதே, அந்த இடங்கள்தான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்று வேகத்தில் முன்னால் நின்றவர்களை முந்திக்கொண்டு இன்னும் வேகமானவர்கள் வந்தார்கள். அவர்களையும் முந்தியவர்கள் வந்தார்கள். பந்தயம் என்றால் அப்படித்தான், போன வருடத்துச் சாதனை இந்த வருடம் சாதாரணம். ஒபிச்சுவரி அந்தப் பந்தயத்திலேயே சேரவில்லை என்பதால் அவர்களை யாரும் முந்தவும் இல்லை. இந்தக் குழு இன்றும் மேடை ஏறுவதற்கும் இருபது வயதுப் பிள்ளைகள் அவர்களுடைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்பதற்கும் காரணம் தேடினால், அவர்கள் துரத்தாமல் விட்ட இரண்டு விஷயங்களில் வந்து நிற்போம். ஒன்று வேகம். இன்னொன்று வார்த்தைகள்.

பிராண்டன் பையன்கள்

டாம்பாவை ஒட்டிய புறநகர் பிராண்டன். அங்கே வளர்ந்த ஜான் டார்டி, அவருடைய தம்பி டொனால்ட் டார்டி, நண்பர் டிரெவர் பெரஸ், இவர்கள் மூவரும்தான் குழுவின் முதுகெலும்பு. 1984இல் ஆரம்பித்தபோது குழுவின் பெயர் எக்ஸிக்யூஷனர். அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் வெட்டினார்கள். (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், நமக்கு அந்த வம்பே இல்லை.) அப்புறம் 1988இல் ஒபிச்சுவரி என்று ஆனது. ஜான் பாடுகிறார், டொனால்ட் டிரம்ஸ், டிரெவர் கிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இந்த மூன்று இடங்களில் ஆள் மாறவில்லை.

டெத் மெட்டல் உலகத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. டெத் என்ற குழுவில் தலைவர் சக் ஷுல்டினரைத் தவிர எல்லோரும் வந்து போனவர்கள்தான். மார்பிட் ஏஞ்சலில் பாடகர் போவார், வருவார், மறுபடி போவார். கேனிபல் கார்ப்ஸ் 1995இல் பாடகரையே மாற்றியது. ஒபிச்சுவரியிலும் இரண்டாவது கிட்டாரும் பேஸும் கைமாறிக்கொண்டே இருந்தன. ஆனால் ரிஃப், டிரம்ஸ், குரல் மூன்றும் அதே மூவரிடம் இருந்ததால் குழுவின் சத்தம் அசையவில்லை.

பக்கத்திலேயே சவடேஜ், நாஸ்டி சாவேஜ் போன்ற உள்ளூர் ஹெவி மெட்டல் குழுக்கள் இருந்தன. அவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பையன்களுக்கு நாமும் வாசிக்கலாம் என்ற தைரியம் வந்தது. ஆனால் காதுக்குள் புகுந்தது வேறு இடத்திலிருந்து வந்த சத்தம்: சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹேமர், அதிலிருந்து பிறந்த செல்டிக் ஃப்ராஸ்ட். கரடுமுரடான, அழுக்கான, அவசரப்படாத மெட்டல். அந்தக் கடனை ஒபிச்சுவரி ஒளிக்கவில்லை. இரண்டாவது ஆல்பத்தில் செல்டிக் ஃப்ராஸ்டின் 'சர்க்கிள் ஆஃப் த டைரண்ட்ஸ்' பாட்டையே எடுத்து வாசித்தார்கள். இதோடு இன்னொன்றும் கலந்தது. ஃபுளோரிடா என்பது லினர்ட் ஸ்கினர்ட் என்ற ராக் குழுவின் மாநிலம். தெற்கத்திய ராக் இசையின் ஆட்டமான தாளம் அங்கே வளர்ந்தவர்களின் உடம்பில் ஊறியிருக்கும். ஒபிச்சுவரியின் மெதுவான ரிஃப்புகளில் ஒரு ஆட்டம் இருக்கிறதே, தலை தானாக ஆடுகிறதே, அது ஐரோப்பாவிலிருந்து வந்ததில்லை.

மெதுவாக வாசித்தால் ஏன் கனக்கிறது

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. டிரெவர் பெரஸ் கிட்டாரை வழக்கமான சுருதியிலிருந்து ஒரு முழுச் சுரம் இறக்கி வைக்கிறார். அப்போது அடி நரம்பு நொடிக்குச் சுமார் 73 முறை அதிரும். நிமிடத்துக்கு 200 தட்டு என்ற வேகத்தில், ஒரு தட்டுக்கு நான்கு அடி என்று வாசித்தால் ஒரு சுரத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் பதின்மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் அந்த நரம்பு ஐந்தாறு முறைதான் அதிர முடியும். காது அதைச் சுரமாகக் கேட்பதைவிட ஒரு சொரசொரப்பாகத்தான் கேட்கும். இதையே நிமிடத்துக்கு 80 தட்டு என்று குறைத்து, தட்டுக்கு ஒரு அடி மட்டும் கொடுத்தால் ஐம்பது தடவைக்குமேல் அதிரும். சுரம் விரிந்து, டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பில் ஊறி, அடிவயிற்றில் வந்து முட்டுவதற்கு நேரம் கிடைக்கிறது. கனம் என்று ரசிகர்கள் சொல்வது பாதி இதைத்தான்.

மீதிப் பாதி டிரெவரின் கருவிகளில் இருக்கிறது. அவர் கையில் இருப்பது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஹெண்ட்ரிக்ஸ், கிளாப்டன் என்று புளூஸ் வழி வந்தவர்களோடு சேர்த்து நினைக்கப்படும் கிட்டார் அது. டெத் மெட்டல்காரர்கள் பொதுவாகக் கையில் எடுப்பது கூர்கூராக வெட்டிய உடம்புள்ள கிட்டார்களை. அவர் அதில் நரம்பின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளில் பிரிட்ஜ் பக்கத்தில் இருப்பதை மட்டும் தடித்த சத்தம் தரும் ஹம்பக்கர் வகையாக மாற்றி, ராட் என்ற சின்னக் கறுப்புப் பெட்டி வழியாக ஆம்ப்புக்கு அனுப்புகிறார். ராட் பெடலில் மூன்றே மூன்று குமிழ்கள்: டிஸ்டார்ஷன், ஃபில்டர், வால்யூம். பக்கத்து ஊர்க் கிட்டார் கடைக்குப் போனால் வாங்கிவிடக்கூடிய சாமான்தான். அதிலிருந்து வரும் சத்தம் வழவழப்பாக இருக்காது. ஓரங்களில் பிசிறடிக்கும், நடுவில் தடித்திருக்கும். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் முதல் கியரில் மேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு உறுமல். நவீன மெட்டல் ஆல்பங்களின் சலவை செய்த கிட்டார் சத்தத்தைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், மனிதன் வாசிக்கிறான் என்பது உடனே தெரியும்.

டொனால்ட் டார்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரட்டை பேஸ் டிரம் வைத்திருந்தும் அதை எந்நேரமும் உருட்டுகிறவர் இல்லை அவர். ஸ்நேரை அடித்துவிட்டு அடுத்த அடிக்கு முன்னால் ஒரு இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில்தான் கிட்டாரின் சுரம் முழுதாகக் கேட்கிறது. ரிஃப் நான்கு தடவை திரும்பினால் நான்காவது தடவை சிம்பலை எங்கே அடிப்பார் என்று எதிர்பார்க்க வைப்பார். சில சமயம் அங்கே அடிக்கமாட்டார். என்னைக் கேட்டால் இந்தக் குழுவின் உண்மையான தலைமை வாத்தியம் டிரம்ஸ்தான். இசைக்குழு 1990களின் கடைசியில் ஓய்வெடுத்தபோது இவர் ஆண்ட்ரூ டபிள்யூ.கே. என்ற கொண்டாட்ட ராக் பாடகரின் குழுவில் போய் வாசித்தார். டெத் மெட்டல்காரர் பார்ட்டிப் பாட்டுக்கு எப்படி என்று ஆச்சரியப்பட்டவர்கள் அவர் வாசிப்பைச் சரியாகக் கேட்காதவர்கள்.

வரியில்லாத பாட்டு

அடுத்தது குரல். டெத் மெட்டலின் உறுமலுக்குப் பெரும்பாலும் பயன்படுவது நாம் பேசும்போது அதிரும் குரல்நாண்கள் மட்டும் இல்லை, அவற்றுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்மடிப்புகளும்தான். ஆனால் ஜான் டார்டி மற்றவர்கள் மாதிரி அடித்தொண்டையில் முணங்குவதில்லை. அவருடையது நடுத்தொண்டையிலிருந்து கக்கிக்கொண்டு வரும் ஒரு ஊளை. உயிரெழுத்துகளை இழுத்து, வளைத்து, கடைசியில் மூச்சோடு சேர்த்துத் துப்புவார். ஆயிரம் டெத் மெட்டல் பாடகர்களைக் கலந்து போட்டாலும் இரண்டு நொடியில் அவரை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். அடையாளம் தெரிவதே அபூர்வமாக இருக்கும் ஒரு இசை வகையில் இது பெரிய சொத்து.

இன்னொரு விசேஷம்: ஆரம்ப ஆல்பங்களில் அவர் பல பாட்டுகளுக்கு வரியே எழுதவில்லை. ரிஃப்புக்கு எது பொருந்துகிறதோ அந்தச் சத்தத்தை எழுப்பினார். அங்கங்கே நிஜமான சொற்கள் வரும், உடனே மறுபடி சத்தமாகிவிடும். இதை அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆல்பத்தோடு பாடல்வரித் தாளும் வரவில்லை. அச்சடிக்க என்ன இருந்தது?

ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் புதிர் எதுவும் இல்லை. அங்கேயும் பாடகர் 'ததரின' என்று போகிறார், யாரும் அர்த்தம் கேட்பதில்லை. குரல் ஒரு வாத்தியமாக இருந்தால் போதும். ஆனால் டெத் மெட்டலில் இப்படி விட்டது ஒரு பெரிய லாபமாகப் போனது. எப்படி என்றால், அந்தக் காலத்து டெத் மெட்டலுக்கு வயதானது பெரும்பாலும் வரிகளால்தான். டெய்சைட் என்ற குழு சாத்தானைக் கூப்பிட்டது. கேனிபல் கார்ப்ஸ் வெட்டு, குத்து, பிணம் என்று எழுதியதால் ஜெர்மனியில் பல ஆண்டுகள் தன் ஆரம்ப காலப் பாட்டுகளை மேடையில் பாட முடியாமல் இருந்தது. இருபது வயதில் எழுதிய ஆவேசத்தை ஐம்பது வயதில் அதே முகத்தோடு பாடுவது லேசான காரியமில்லை. சிலர் அதைக் கிண்டலாக மாற்றிக்கொண்டார்கள், சிலர் நெளிகிறார்கள். ஜான் டார்டிக்கு அந்தச் சங்கடமே கிடையாது. அவர் 1989இல் ஊளையிட்டார், இன்றும் ஊளையிடுகிறார். விளக்கம் சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ அதில் எதுவும் இல்லை.

ஆங்கிலம் தெரியாத நாடுகளிலும் இது உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். பாட்டின் அர்த்தம் அமெரிக்கக் காதுக்கும் விளங்கவில்லை, போலந்துக் காதுக்கும் விளங்கவில்லை. எல்லோரும் சமம்.

மாறிப்போன ஓவியம்

1990இல் வந்த 'காஸ் ஆஃப் டெத்' ஆல்பத்தைப் பலர் இவர்களுடைய உச்சம் என்பார்கள்; நானும் அந்தப் பக்கம்தான். தயாரிப்பு ஸ்காட் பர்ன்ஸ். டாம்பாவில் ஜிம், டாம் என்ற மோரிஸ் சகோதரர்களின் மோரிசவுண்ட் ஸ்டூடியோவில் அவர் அன்று பதிவு செய்யாத டெத் மெட்டல் குழுவைத் தேட வேண்டும். கிட்டார்காரர் ஆலன் வெஸ்ட் விலகியிருந்த இடைவெளியில், டெத் குழுவில் வாசித்துவிட்டு வந்த ஜேம்ஸ் மர்ஃபி சேர்ந்தார். டிரெவரின் சேறு போன்ற ரிஃப்புக்கு மேலே மர்ஃபியின் வழுக்கிக்கொண்டு போகும் சோலோ. இரண்டும் ஒட்டவே கூடாது, ஆனால் ஒட்டியது. அவர் ஒரே ஆல்பத்தோடு போய்விட்டார். அந்த ஆல்பத்துக்கு மட்டும் ஒரு தனி வாசனை இருப்பதற்கு அவர் பெரிய காரணம்.

அட்டைப்படத்துக்கு ஒரு கதை உண்டு. மைக்கேல் வீலன் வரைந்த, திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டின் உலகத்தைக் காட்டும் அந்த ஓவியத்துக்கு முதலில் ஆசைப்பட்டது பிரேசிலின் செபுல்டுரா குழு. தங்களுடைய 1989 ஆல்பத்துக்கு அதுதான் என்று நினைத்திருந்தார்கள். டிரம்மர் இகோர் கவலேரா அதில் ஒரு பகுதியை உடம்பில் பச்சையே குத்திக்கொண்டுவிட்டார். இரண்டு குழுக்களும் ரோட்ரன்னர் என்ற ஒரே நிறுவனத்தில் இருந்தன. நிறுவனம் செபுல்டுராவுக்கு வீலனின் வேறொரு ஓவியத்தைக் கொடுத்துவிட்டு, இதை ஒபிச்சுவரிக்குத் தந்தது. பச்சை குத்தியவர் நிலைமையை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ஏற்றம், ஓய்வு, திரும்புதல்

1992இல் 'தி எண்ட் கம்ப்ளீட்' வந்தது. ஆலன் வெஸ்ட் திரும்பிவிட்டார். இவர்களுடைய ஆல்பங்களில் அதிகம் விற்றது இதுதான். டெத் மெட்டலில் பணம் இருக்கிறது என்று பெரிய நிறுவனங்கள் நம்பிய காலம் அது. 1993இல் மார்பிட் ஏஞ்சல் ஆல்பமே ஒரு பெரிய நிறுவனம் வழியாக வந்தது. அந்த நம்பிக்கை நீண்ட நாள் நிற்கவில்லை. நார்வேயிலிருந்து பிளாக் மெட்டல், அமெரிக்காவுக்குள்ளேயே நியூ மெட்டல் என்று காற்று திசை மாறியது. டெத் மெட்டலை வளர்த்த ரோட்ரன்னரே வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அந்தக் காலத்தில் ஒபிச்சுவரியும் கொஞ்சம் தடுமாறியது. 1994இன் 'வேர்ல்ட் டிமைஸ்' சுற்றுச்சூழல் சீரழிவைத் தொட்டது, தாளம் இன்னும் ஆட்டமானது, நல்ல ஆல்பம்தான். 1997இன் 'பேக் ஃப்ரம் த டெட்' ஆல்பத்தின் கடைசியில் ஒரு ராப் ரீமிக்ஸ் இருக்கிறது. அதைப் பற்றி அதற்குமேல் எதுவும் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. அதன்பிறகு சுற்றுப்பயணங்களில் களைத்துப்போய் நிறுத்திவிட்டார்கள்.

2003இல் மறுபடி சேர்ந்தார்கள். 2005இல் வந்த 'ஃப்ரோசன் இன் டைம்' ஆல்பத்தில் எட்டு ஆண்டு இடைவெளி நடந்ததாகவே தெரியாது. இசைத்துறையை விட்டுக் கணினிப் பக்கம் போயிருந்த ஸ்காட் பர்ன்ஸ் இதற்காகத் திரும்பி வந்தார். இந்த ஆல்பத்தின் முதல் பாட்டு 'ரெட்நெக் ஸ்டாம்ப்'. பாட்டு என்று சொல்வதே தவறு, அதில் பாடுவதே கிடையாது. ஒரு ரிஃப், அதன் உறவுக்கார ரிஃப் ஒன்று, டொனால்டின் நடை. அவ்வளவுதான், வித்தை காட்டும் சோலோ எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக இவர்களுடைய நிகழ்ச்சிகள் இதில்தான் ஆரம்பிக்கின்றன. பாடகர் இன்னும் மேடைக்கு வரவில்லை, ஆனால் கூட்டம் மொத்தமும் ஒரே தாளத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வருகிற ஒருவருக்கு ஒபிச்சுவரியை விளக்க வேண்டுமென்றால் அந்த மூன்றரை நிமிடத்தைப் போட்டுக் காட்டினால் போதும்.

எல்லாமே ஏற்றம் என்று சொல்லமாட்டேன். 2007, 2009 ஆல்பங்களில் ரால்ஃப் சாண்டோலா இரண்டாவது கிட்டார் வாசித்தார். அபாரமான கைக்காரர், ஆனால் அவருடைய பளபளப்பான சோலோக்கள் இந்தச் சேற்றில் மிதந்துகொண்டு நின்றன. மர்ஃபி விஷயத்தில் நடந்த அதிசயம் இங்கே நடக்கவில்லை. 2010இல் பேஸ் வாசித்த ஃபிராங்க் வாட்கின்ஸ் விலகினார். நார்வேயின் கோர்கோரோத் குழுவில் தொடர்ந்த அவர் 2015இல் 47 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் டெரி பட்லர். மாசகர், டெத், சிக்ஸ் ஃபீட் அண்டர் என்று ஃபுளோரிடா டெத் மெட்டலின் பாதி வரலாற்றைக் கையில் வைத்திருப்பவர். 2012இல் கென்னி ஆண்ட்ரூஸ் இரண்டாவது கிட்டாருக்கு வந்தார். அன்றிலிருந்து இந்த ஐந்து பேர்தான். இந்த வரிசை வந்தபிறகு குழு இறுகியது நன்றாகவே காதில் விழுகிறது.

சொந்தச் சமையல்

கேட்க நன்றாக இருப்பது வேறு, முப்பத்தைந்து ஆண்டு பிழைப்பு நடத்துவது வேறு. அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழி, செலவைக் கையில் வைத்துக்கொள்வது. ஃபுளோரிடாவிலேயே சொந்த ஸ்டூடியோ வைத்துக்கொண்டார்கள். மணிக்கணக்குக்கு வாடகை இல்லை, அவசரம் இல்லை. 2014இன் 'இங்க்ட் இன் பிளட்' ஆல்பத்துக்கு கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய நிதி திரட்டும் தளத்தில் ரசிகர்களிடமே பணம் கேட்டார்கள். கேட்டதைவிடப் பல மடங்கு வந்தது. பிறகு ரிலாப்ஸ் நிறுவனம் சேர்ந்துகொண்டது, இன்றும் அங்கேதான். ஆல்பம் விற்று யாரும் பணக்காரர் ஆகாத இந்தக் காலத்தில், வருமானம் வருவது சுற்றுப்பயணத்திலிருந்தும் டி-ஷர்ட்டிலிருந்தும். இரண்டுக்கும் தேவை நேரில் பார்த்தால் ஏமாற்றாத குழு. மெதுவான இசையின் இன்னொரு வசதி இங்கே கைகொடுக்கிறது: இருபது வயதில் நிமிடத்துக்கு 250 தட்டு அடித்த டிரம்மரின் முழங்கால் ஐம்பதில் என்ன சொல்லும்? டொனால்டின் வாசிப்பில் வயது ஒரு குறையாகத் தெரிவதில்லை, நடை இன்னும் தீர்க்கமாகத்தான் ஆகியிருக்கிறது.

2018இல் ஸ்லேயர் என்ற மூத்த மெட்டல் குழுவின் விடைபெறும் பயணம் ஐரோப்பாவுக்குப் போனபோது லாம்ப் ஆஃப் காட், ஆந்த்ராக்ஸ் ஆகியவற்றோடு ஒபிச்சுவரியும் கூடப் போனது. பெரிய அரங்குகள், இவர்களைக் கேட்டே இராத கூட்டம். 2020இல் கொரோனா எல்லாவற்றையும் மூடியபோது முதல் இரண்டு ஆல்பங்களை முழுதாக வாசித்து இணையத்தில் நேரலை செய்தார்கள்; அவை 2022இல் ஆல்பங்களாகவும் வந்தன. முதல் ஆல்பத்தை வாசித்த அந்தப் பதிவை 1989இன் மூலத்தோடு பக்கத்தில் வைத்துக் கேட்டால், குரல் தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு அதிர்ச்சிதான்.

இதற்கிடையில் டொனால்ட் டாம்பாவின் தெருப்பூனைகளுக்குச் சோறு போடுகிறார். மெட்டல் மியாவ்லிஷா என்று பெயர் வைத்து, தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடும் வேலையை வருடக்கணக்காகச் செய்துவருகிறார். கட்டுரைக்கு இது தேவையில்லை என்று சொல்லலாம். ஆனால் மிரட்டும் வேடம் எதுவும் போடாமல், ஜீன்ஸும் பழைய டி-ஷர்ட்டுமாக மேடையேறும் இந்தக் குழுமீது ரசிகர்களுக்கு இருக்கும் சொந்தக்காரப் பிரியம் இப்படியான விஷயங்களிலிருந்தும்தான் வருகிறது.

யார் கேட்கிறார்கள்

புதிய தலைமுறை இவர்களிடம் வந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. அது ஹார்ட்கோர் வழி. பங்க்கிலிருந்து கிளைத்த ஹார்ட்கோரில் பிரேக்டவுன் என்று ஒரு இடம் உண்டு: பாட்டு வேகமாக ஓடி, சட்டென்று பாதியாக இறங்கி, கூட்டம் குதிக்க ஆரம்பிக்கும் இடம். அந்தக் காதோடு ஒபிச்சுவரியைக் கேட்பவருக்கு இது அந்நிய இசையாகவே தெரியாது. டெத் மெட்டலின் சிக்கலான தாளக் கணக்குகள் பிடிக்காதவர்கள்கூட இவர்களைக் கேட்பார்கள். கலிஃபோர்னியாவின் ஷிபால்பா, அரிசோனாவின் கேட்கிரீப்பர் போன்ற குழுக்களைக் கேளுங்கள், டிரெவரின் ரிஃப் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும். அவர்களைக் கேட்கும் பையன் ஒருநாள் மூலத்தைத் தேடுகிறான். தேடிப்போனால் அந்த மூலம் இன்னும் ஊர் ஊராக வாசித்துக்கொண்டிருக்கிறது. பழைய இசையின் ரசிகர்களுக்கு இந்தப் பாக்கியம் அடிக்கடி கிடைப்பதில்லை.

எல்லா ஆல்பமும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற புகார் பழையது. அதில் உண்மையும் இருக்கிறது. 2009இன் 'டார்க்கஸ்ட் டே' ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அது எந்தப் பாட்டு என்று எனக்கும் சட்டென்று சொல்ல வராது. ஆனால் ஒரே மாதிரி இருப்பதும் சோம்பேறித்தனமும் ஒன்றில்லை. 2023 ஜனவரியில் வந்த 'டையிங் ஆஃப் எவ்ரிதிங்' ஆல்பத்தில் கடைசிப் பாட்டு 'பீ வார்ன்ட்'. இவர்கள் வாசித்ததிலேயே மிக மெதுவானவற்றில் ஒன்று, கிட்டத்தட்ட ஊர்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவ்வளவு வெற்றிடம். இளம் குழு ஒன்றுக்கு இப்படி வாசிக்கத் துணிச்சல் வராது, நடுவில் எதையாவது போட்டு நிரப்பத் தோன்றும். நிரப்பாமல் விடத் தெரிவதற்குத்தான் அவர்களுக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 'காஸ் ஆஃப் டெத்' ஆல்பத்தின் மூன்றாவது பாட்டான 'சாப்ட் இன் ஹாஃப்'-இல் ஆரம்பிக்கலாம். ஹெட்ஃபோன் வேண்டாம், கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் நல்லது; அடி நரம்பு காதுக்குள் மட்டும் அதிர்ந்தால் பாதி விஷயம் போய்விடும். பிடித்தால் 'ஸ்லோலி வீ ராட்', அப்புறம் நேராக 2017இல் குழுவின் பெயரிலேயே வந்த ஆல்பத்துக்குத் தாவலாம். இரண்டுக்கும் நடுவில் இருபத்தெட்டு ஆண்டுகள். 1997இன் ராப் ரீமிக்ஸை, எல்லாவற்றையும் கேட்டு முடித்து, குழுவின்மேல் பாசம் வந்தபிறகு மட்டும் தொடவும்.